சிங்கப்பூரில் கொண்டோவை நாள் வாடகைக்கு விடலாமா?

[காட்சி: கொண்டோ ஒன்றின் மின்தூக்கி வாசல், இரவு. பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம்.]

எங்கள் வீட்டுத் திருமணத்துக்குச் சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம் 10 நாள் வருவதாக இருந்தது. ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கொண்டோவின், அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டின், படம் வந்தது. நீச்சல்குளம், மூன்று அறை, ஹோட்டலைவிட மலிவு. "போட்டுடலாமாப்பா?" என்று கேட்டிருந்தார். அந்த விளம்பரம் போட்டவர் அனுப்பிய குறிப்பும் கூடவே இருந்தது: "வாசலில் காவலாளி கேட்டால், வீட்டுக்காரரின் சொந்தக்காரர் என்று சொல்லிவிடுங்கள்."

வேண்டாம் சித்தப்பா என்றேன். ஏன் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: 3 மாதம்]

சிங்கப்பூரில் தனியார் வீட்டை வாடகைக்கு விடுவதென்றால், ஒருவருக்குத் தொடர்ச்சியாகக் குறைந்தது 3 மாதம் விடவேண்டும். கொண்டோ, தரைவீடு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. முன்பு இது 6 மாதமாக இருந்தது. 2017 ஜூன் 30 முதல் நகர மறுசீரமைப்பு ஆணையம் 3 மாதமாகக் குறைத்தது. முழு வீடாக விட்டாலும் சரி, ஓர் அறையை மட்டும் விட்டாலும் சரி, விதி ஒன்றுதான். "நான்தான் கூடவே இருக்கிறேனே, ஒரு அறையைத்தானே கொடுக்கிறேன்" என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ஒப்பந்தத் தாளில் 3 மாதம் என்று எழுதிவிட்டு, வாரத்துக்கு ஒரு குடும்பத்தை மாற்றினாலும் அது மீறல்தான். உண்மையில் யார் எத்தனை நாள் தங்கினார்கள் என்பதுதான் கணக்கு. அபராதம் அதிகபட்சம் 2,00,000 சிங்கப்பூர் வெள்ளி. அப்படியெல்லாம் யாரைப் பிடிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். 2018-இல், ஃபாரர் ரோடு பக்கம் ஒரு கொண்டோவில் நான்கு வீடுகளை ஏர்பிஎன்பி என்ற நாள் வாடகை இணையத்தளம் வழியாக விட்ட இருவருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விதித்தது நீதிமன்றம்.

[காட்சி: வரிசையாகக் கதவுகள். ஒரு வாசலில் குழந்தையின் சைக்கிள், பக்கத்தில் துளசிச் செடி.]

இந்த விதியை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். கொண்டோவில் என் வீடு என்பது கதவுக்கு உள்ளே மட்டும்தான். மின்தூக்கி, நீச்சல்குளம், நடைபாதை எல்லாம் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பொது. அதைப் பராமரிக்க எல்லோரும் பணம் கட்டுகிறோம். அடுத்த வீட்டில் மூன்று நாளுக்கு ஒருமுறை புது முகம் வந்தால், யாரிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது? சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர் சாங்கி விமான நிலையத்தில் இருப்பார். அப்புறம் அந்தக் காவலாளியையும் நினைத்துப் பாருங்கள். யார் குடியிருப்பவர், யார் வந்து போகிறவர் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அவரிடம் பொய் சொல்லச் சொல்லி விருந்தினருக்குக் குறிப்பு அனுப்புகிறார்கள்.

விதியைத் தளர்த்தும் யோசனை வராமல் இல்லை. 2018-இல் ஆணையம் ஒரு திட்டத்தை மக்கள் கருத்துக்கு வைத்தது. ஆண்டுக்கு மொத்தம் 90 நாள் வரை நாள் வாடகைக்கு விடலாம். ஆனால் அந்தக் கட்டடத்தின் உரிமைப் பங்கில் 80 சதவீதம் வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுவிட்டுச் செய் என்பதுதான் அதன் சாரம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. வாடகைத் தளங்களோ, இது நடைமுறைக்குக் கடினம் என்றன. 2019 மே மாதம், பழைய விதியே தொடரும் என்று ஆணையம் அறிவித்தது.

[திரையில்: வீவக வீடு: 6 மாதம்]

சரி, வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிக்கொடுத்த வீடு? இங்கே பெரும்பாலானோர் இருப்பது அதில்தான். அங்கே இன்னும் இறுக்கம். ஒவ்வொரு முறையும் குறைந்தது 6 மாதம், அதுவும் கழகத்தின் அனுமதியோடு. சுற்றுலாப் பயணிக்கு விடவே முடியாது. முழு வீட்டையும் விட, உரிமையாளர் அங்கே வசிக்கவேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். வழக்கமான வீடுகளுக்கு அது 5 ஆண்டு. குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் விட முடியாது. அறையை மட்டும் விட்டால் உரிமையாளரும் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, தாம் வேறு இடத்தில் வசித்துக்கொண்டு மற்ற அறைகளை விடுவது பழைய தந்திரம். கழகம் அதை ஒத்துக்கொள்ளாது. மீறினால் அபராதத்தோடு போகலாம், வீட்டையே கழகம் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

முறையாக மாதக் கணக்கில் விடுபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வெளிநாட்டவர் குடிவந்தால் மூன்று சோதனைகளை நீங்களே செய்யவேண்டும். சிங்கப்பூரில் தங்க அவருக்குக் கொடுத்த அனுமதி அட்டையின் அசலைக் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும். அதைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட வேண்டும். அப்புறம், அந்த அட்டை செல்லுபடியாகிறதா என்று அதைக் கொடுத்த அரசு அமைப்பிடம் உறுதிசெய்ய வேண்டும். ஒளிநகல் மட்டும் போதாது. வீட்டு முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், பொறுப்பு உங்களுடையது. ஊரிலிருந்து வரும் தெரிந்தவரின் தெரிந்தவர் என்று நம் ஆட்கள் நம்பிக்கையில் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பயமே அதில்தான்.

ஆள் கணக்கும் உண்டு. உறவில்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் பொதுவாக 6 பேர்தான். 2024 ஜனவரி முதல், நான்கறை வீவக வீடுகளிலும் அதைவிடப் பெரியவற்றிலும், 90 சதுர மீட்டருக்குக் குறையாத தனியார் வீடுகளிலும் தற்காலிகமாக 8 பேர் வரை அனுமதிக்கிறார்கள்.

[காட்சி: லிட்டில் இந்தியா தெரு, பழைய கடைவீடுகள்.]

அப்போது குறுகிய நாள் வருபவர் எங்கே தங்குவது? அம்மா அப்பா வந்து உங்கள் வீட்டில் வாடகையில்லாமல் இருப்பது வாடகைக்கு விடுவதே இல்லை, அதில் குழப்பம் வேண்டாம். ஓரிரு நாள் என்றால் உரிமம் பெற்ற ஹோட்டல்கள், லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில் இருக்கும் விடுதிகள். சமையலறை வேண்டும், குடும்பத்தோடு இருக்கவேண்டும் என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட். அதற்கு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 7 நாள்.

சித்தப்பாவுக்கு 10 நாள் அல்லவா, அதனால் சர்வீஸ் அபார்ட்மென்ட்தான் போட்டோம். அந்தக் கொண்டோவைவிடக் கொஞ்சம் கூடுதல் செலவு. முதல் நாள் காலையிலேயே சித்தி தேக்கா சந்தையில் கறிவேப்பிலையும் தக்காளியும் வாங்கிவந்து ரசம் வைத்துவிட்டார். கீழே வரவேற்பு மேசையில் இருந்தவர் யார் நீங்கள் என்று கேட்டதற்கு, சித்தப்பா தன் பெயரையும் ஊரையும் சொல்லி, கடவுச்சீட்டை எடுத்து நீட்டினார்.