கால் மாத்திரை

வணக்கம். நான் ஈரோடு மாவட்டத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். என்னைப் பேசக் கூப்பிட்டால் மாட்டைப் பற்றித்தான் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்றைக்குப் பூனை.

சில வருடங்களுக்கு முன் சென்னிமலைப் பக்கத்து அம்மா ஒருவர், தன் பூனைக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை முடித்துக் கூட்டிப் போனார். மறுநாள் காலை அதே கூடையோடு வந்து நிற்கிறார். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு கருப்பட்டி நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டு ரத்தத்தைப் பஞ்சில் விட்டேன். அதுவும் அதே நிறம்.

“ராத்திரி பூரா கட்டிலுக்கடியிலயே கெடந்துச்சுங்க, சோறு தொடல. விடியக்காலம் காய்ச்சல் மாத்திரையில கால் பாகந்தானுங்க பால்ல கலக்கிக் குடுத்தேன். பேரனுக்கும் அதத்தானுங்களே குடுக்கறோம்” என்றார்.

பேரனுக்குச் சரி. பூனையின் ஈரலில் பாராசிட்டமாலைக் கழித்துவிடும் நொதி மிகக் குறைவு. தங்கிப்போன மருந்து நஞ்சாகி ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. ரத்தம் ஓடும், ஆக்சிஜனைச் சுமக்காது. மூன்று கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பாகமே விஷம். அசிடைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்தும் ஆக்சிஜனும் கொடுத்து, மூன்று நாள் கழித்துத்தான் அது தலை தூக்கியது.

தப்பு என்னுடையதும்தான். தையலை நக்க விடாதீர்கள், மாடி ஏற விடாதீர்கள் என்றெல்லாம் சொன்னவன், வீட்டு மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. இப்போது கூடையைக் கையில் கொடுக்கும் முன் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

“காளைக்குக் காயடிக்கையில வலி ஊசியா போட்டோம்?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. காளைக்கும் வலித்திருக்கும்ங்க. பூனை அதை இன்னும் மறைக்கும். கண்ணைப் பாதி மூடி, காதைப் பக்கவாட்டில் சாய்த்து, குறுகி உட்கார்ந்திருந்தால் வலிக்கிறது என்று அர்த்தம். வலியிலும் சில பூனைகள் குர்குர் என்று சத்தம் போடும். அதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

அறுவை சிகிச்சையின்போது போடும் மெலாக்சிகாம் என்ற வலி ஊசி ஒரு நாள் போலத் தாங்கும். ஆண் பூனை பெரும்பாலும் மறுநாளே துள்ளும். பெண் பூனைக்கு வயிற்றைத் திறக்கிறோம், இன்னும் ஓரிரு நாள் மருந்து தேவைப்படலாம். டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு வாங்கி மிச்சமிருக்கும் பாட்டிலை எடுக்காதீர்கள். நாய்க்கான மெலாக்சிகாம் சிரப்பில் மில்லிக்கு 1.5 மில்லிகிராம், பூனைக்கானதில் 0.5. அப்புறம், பூனை சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் போன் செய்யுங்கள். அந்த நிலையில் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும்.

டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தின் பக்கமே போகாதீர்கள். அது போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மிஞ்சியவற்றில் கொஞ்சம் நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பறக்கின்றன. மூட்டு வலிக்குத் தேய்க்கும் பல ஜெல்களில் இருப்பதும் அதே மருந்துதான். தேய்த்த கையால் பூனையைத் தடவினால், அது உடம்பை நக்கும்போது உள்ளே போய்விடும்.

தெரியாமல் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பது அதில்தான் இருக்கும். வணக்கம்.