தேடுபொறி மாறும்போது அடிபடுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

கூகுளில் ஒரு சந்தேகத்தைத் தட்டுகிறோம். முதலில் வந்து நிற்கும் நாலைந்து பக்கங்களைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டதற்குப் பதில் கடைசியில் இரண்டு வரி. அதற்கு முன்னால் பத்திபத்தியாகச் சுற்றிவளைப்பு. எழுதியவர்களுக்கு எழுதத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். தேடுபொறிக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போட்டு எழுதியவை இவை. அந்தத் தேடுபொறி தன் விதியை மாற்றும்போது யாருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அடிப்படை யோசனை எளிமையாக இருந்தது. ஒரு பக்கத்துக்கு வேறொரு பக்கம் லிங்க் கொடுத்தால் அது ஒரு ஓட்டு. மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு எடை கூடுதல். அருமையான யோசனைதான். ஆனால் ஓட்டுக்கு மதிப்பு வந்ததுமே அதை விலைக்கு வாங்குகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று பழைய, பெரிய கடை ஒன்று உண்டு. துணிமணி, வீட்டுச் சாமான் எல்லாம் விற்பார்கள். 2010 கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில் கூகுளில் கவுன் என்று தேடினாலும், படுக்கை விரிப்பு என்று தேடினாலும், தரைவிரிப்பு என்று தேடினாலும் இந்தக் கடைதான் முதலில் வந்தது. எப்படி என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை துருவிப் பார்த்தது. துணிக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஏராளமான தளங்களில் இந்தக் கடைக்கு லிங்க் போடப்பட்டிருந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்று கடை சொன்னது. தேடுபொறி வேலையைக் கவனித்துவந்த நிறுவனத்தையும் விலக்கியது. 2011 பிப்ரவரியில் கூகுள் கை வைத்ததும், சாம்சோனைட் பயணப்பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. சுமார் மூன்று மாதத்தில் தண்டனை நீங்கியது. இந்த மூன்று மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பிப்ரவரியில்தான் கூகுளின் தேடல் விதியில் பாண்டா என்ற பெரிய மாற்றமும் வந்தது. நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர் அது. குறி வைத்தது கன்டென்ட் ஃபார்ம் எனப்படும் எழுத்துப் பண்ணைகளை. இஹவ் தளத்தை நடத்திய டிமாண்ட் மீடியா இதில் பெயர் பெற்றது. மக்கள் எதைத் தேடுகிறார்கள், எந்தச் சொல்லுக்கு விளம்பரக் காசு அதிகம் என்று கணினி கணக்கிட்டுத் தலைப்பைத் தரும். அந்தத் தலைப்புக்கு யாராவது 15 டாலர் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதுவார். விஷயம் தெரிந்தவரா என்பது இரண்டாம்பட்சம். அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தை இந்த மாற்றம் தொட்டதாகக் கூகுள் சொன்னது. பண்ணைகள் பல சரிந்தன. இது தேவையான மாற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெங்குவின் என்ற இன்னொரு மாற்றம் வந்தது; விலைக்கு வாங்கிய லிங்க்குகளைப் பிடித்தது. அதுவரை லிங்க் போடச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள், அப்புறம் அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சி மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

சரி, அதோடு குப்பை ஒழிந்ததா என்றால், இடம்தான் மாறியது. தி ஹேர்பின் என்று பெண்கள் எழுதிய நல்ல தளம் ஒன்று இருந்தது. 2018இல் மூடிவிட்டார்கள். பிறகு அந்த முகவரியை வேறொருவர் வாங்கி, செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளைக் கொட்டினார். பழைய கட்டுரைகள் சிலவற்றையும் விட்டுவைத்தார். ஆனால் எழுதிய பெண்களின் பெயரை எடுத்துவிட்டு ஆண் பெயர்களைப் போட்டார். அந்தப் பெண்கள் சேர்த்துவைத்த நல்ல பெயர்தான் அங்கே சரக்கு. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 2024 மார்ச்சில் கூகுள் இப்படிப் பழைய முகவரிகளை வாங்கி ஏமாற்றுவதையும், கட்டுரைகளை மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பதையும் ஸ்பாம், அதாவது ஏமாற்றுக் குப்பை, என்று விதியில் எழுதியது.

இனி நான் வருத்தத்தோடு சொல்லவேண்டிய பகுதி. 2023 செப்டம்பரில் வந்த மாற்றத்தின் நோக்கம், மனிதர்களுக்குப் பயன்படும் எழுத்தை மேலே கொண்டுவருவது. ஆனால் ஒருவரோ இருவரோ நடத்திய சின்னத் தளங்கள் பல அதில் சரிந்தன. காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளைத் தாங்களே வாங்கி, ஓட்டிப் பார்த்து எழுதும் ஹவுஸ்ஃபிரெஷ் தளம், பிரபலப் பத்திரிகைகளின் விற்பனைப் பட்டியல்களுக்குக் கீழே தள்ளப்பட்டதாக 2024 பிப்ரவரியில் விரிவாக எழுதியது. அந்த அக்டோபரில், பாதிக்கப்பட்ட சுமார் 20 பேரைக் கூகுள் தன் தலைமையகத்துக்கு அழைத்துப் பேசியது. உங்கள் எழுத்தில் குறையில்லை என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகப் போய்வந்த சிலர் எழுதினார்கள். குறையில்லை என்றால் எதைத் திருத்துவது?

ஏமாற்றியதற்காகக் கூகுள் ஆட்கள் நேரடியாகத் தண்டித்தால், தளத்துக்காரருக்கு அறிவிப்பு வரும். என்ன தவறு என்று தெரியும். திருத்திவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பொதுவான விதிமாற்றத்தில் கீழே போனவருக்கு அறிவிப்பும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஜே.சி. பென்னி மூன்று மாதத்தில் மேலே வந்தது. 2023இல் விழுந்த சின்னத் தளங்களில் பல, ஓராண்டு கழிந்தும் எழவில்லை. ஸ்பாமைப் பிடிக்கும் வழியைக் கூகுள் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், அதில் நியாயம் உண்டு. ஆனால் ஏமாற்றாதவருக்கும் அந்த அறிவிப்பும் விண்ணப்பமும் கிடைக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

நன்றி, வணக்கம்.