செஞ்சு காட்றத விட்டேன், பாக்க ஆரம்பிச்சேன்: வீட்டுல யோகா கிளாஸ், கொஞ்சம் மனசு விட்டு பேச்சு

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஆசனம் எதுவும் கெடையாது, மேட் கூட விரிக்கல பாருங்க, சுவத்துல சாஞ்சு கால நீட்டி உக்காந்து பேசப் போறேன், அவ்ளோதான். ரொம்ப நாளா ரெண்டு கேள்வி வந்துட்டே இருக்கு. ஒன்னு, வீட்டுலயே யோகா கிளாஸ் ஆரம்பிக்கலாமா, என்னென்ன வேணும். இன்னொன்ன கொஞ்சம் தயங்கி தயங்கி கேக்கறாங்க, வயசாயிடுச்சுன்னா டீச்சர் என்ன பண்ணுவாங்க, நீங்க இன்னும் தலைகீழா நிக்கற சிரசாசனம் போடறீங்களா அப்படின்னு. ரெண்டுக்கும் என்கிட்ட பதில் ஒன்னு தான், அதனால சேத்தே பேசிடலாம்.

சிரசாசனம், இல்ல, போடறதில்ல. கைய எவ்ளோ அழுத்தி ஊனினாலும் உடம்பு எடையில கிட்டத்தட்ட பாதி தலை வழியா கழுத்துக்கு தான் போகுது. இருபதுகள்ல இருந்த கழுத்துக்கு அது சரி, அறுபத தாண்டுன என் கழுத்துக்கு அது தேவையில்ல. இத சொன்னா சில பேருக்கு முகம் விழுந்துடுது, ஐயோ மேடம் உங்களுக்கேவான்னு. எனக்கே தாங்க. நானும் உங்கள மாதிரி எலும்பும் சதையும் தானே.

டீச்சரா இருக்கறவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே புரியும். ஒரு ஆசனத்த செஞ்சு காட்டும்போது நாம எப்பவும் முதல் பக்கத்த தான் காட்டுவோம். திரிகோணாசனம்னா ஒரு பக்கம் சாஞ்சு நின்னுட்டே கால் எங்க, முட்டி எங்க, பார்வை எங்கன்னு எல்லாத்தையும் விளக்கி முடிப்போம், ரெண்டாவது பக்கம் அவங்க செய்யும்போது நாம எழுந்து சுத்தி வந்து அவங்கள சரி பண்ணிட்டு இருப்போம். இதையே தினமும், வருஷக்கணக்கா பண்ணா என்ன ஆகும்? ஒரு பக்க இடுப்பு ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேற மாதிரியும் ஆயிடும். அதுவும் உடம்ப சூடு பண்ணிக்காம, பேசிக்கிட்டே செய்யறோம், மூச்சு பூரா பேச்சுக்கே போயிடுது, ஆசனத்துக்கு எங்க மிச்சம் இருக்கு.

இன்னொன்னு, நாம உக்காரும்போது தரையில படுற எலும்பு இருக்கு பாருங்க, அங்க தான் தொடையோட பின் தசை வந்து ஒட்டுது. நிறைய யோகா டீச்சர்களுக்கு அந்த எடத்துல ஒரு வலி வரும். ரொம்ப நேரம் உக்காந்தா வலிக்கும், முன்னாடி குனிஞ்சு நீட்டினா இன்னும் வலிக்கும், இறுக்கமா இருக்கு நீட்டினா சரியாயிடும்னு நெனச்சு நீட்ட நீட்ட மோசமாகும். அதுக்கு நீட்டறத கொஞ்ச நாள் நிறுத்திட்டு அந்த தசைய மெதுவா பலப்படுத்தணும், அதாவது நாம கத்துக்கிட்டதுக்கு நேர் எதிரா. எனக்கும் இருந்துச்சு. அப்புறம் பெண்களுக்கு மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு எலும்பு அடர்த்தி வேகமா குறையும், எலும்பு தேஞ்சவங்க முதுக வளைச்சு ஆழமா குனிஞ்சா முதுகெலும்பு கட்டையே நசுங்குற ஆபத்து இருக்கு. அதனால கால நீட்டி உக்காந்து முன்னாடி குனியற பச்சிமோத்தாசனம்னா என் கிளாஸ்ல இப்போ முட்டிய மடக்கி, முதுக நீளமா வச்சு, பாதி தூரம் தான். நெத்தி முட்டியில படணும்னு யாரும் இங்க அழுதுட்டு இருக்கறதில்ல.

சரி, செஞ்சு காட்டலன்னா எப்படி சொல்லிக்குடுக்கறது? இங்க தான் விஷயமே இருக்கு. செஞ்சு காட்றத குறைச்சப்போ தான் நான் ஒழுங்கா பாக்கவே ஆரம்பிச்சேன். குப்புற படுத்து புஜங்காசனம் காட்டிட்டு இருந்தா எனக்கு எதிர்ல என்ன தெரியும், தரை தெரியும். எழுந்து பக்கவாட்டுல நின்னா தான் ஆள் தெரியுது. உதாரணத்துக்கு விருட்சாசனம், ஒத்தக்கால்ல நிக்கறாங்கல்ல, எல்லாரும் மேல தூக்குன கைய பாப்பாங்க, நான் கீழ ஊனியிருக்க கால் விரல பாப்பேன். பயத்துல விரல் அஞ்சும் தரைய கவ்வி பிடிச்சிருக்கும், நகத்தோட நுனி வெளுத்திருக்கும். அப்படின்னா தாடையும் கடிச்சிருக்காங்க, மூச்சும் நின்னிருக்குன்னு அர்த்தம், மேல பாக்கவே வேணாம். "கட்டைவிரல மட்டும் லேசா தூக்குங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை தான் சொல்லுவேன். உள்ளங்கால் விரியும், குதிகால் கீழ எறங்கும், கொஞ்சம் ஆடுவாங்க, அப்புறம் தொண்டையில ஒரு மூச்சு எறங்கும் பாருங்க, அது எனக்கு காதுல கேக்கும். நாலு பேர் ரூம்ல தான் அது கேக்கும், நாப்பது பேர் ஹால்ல கேக்காது.

அதனால தான் வீட்டு கிளாஸ் சின்னதா இருக்குன்னு வருத்தப்படறவங்கள பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும். நம்ம யோகா வரலாறே எடுத்துக்குங்க. இன்னைக்கு நாம செய்யற யோகாவுக்கு பெரிய குருவா இருந்த கிருஷ்ணமாச்சாரியார் 1933ல மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில யோகசாலை நடத்த ஆரம்பிச்சப்போ துள்ளுற வயசு பசங்களுக்கு சொல்லிக்குடுத்தாரு, அது வேகமான, வேர்க்க வேர்க்க செய்யற முறை. அதே மனுஷன் பின்னாடி சென்னைக்கு வந்து ஒருத்தருக்கு ஒருத்தர்னு உக்காந்து, அவங்க வயசு, நோய், வேலை எல்லாத்தையும் பாத்து ஆசனத்தயே மாத்திக்குடுத்தாரு. 1888ல பொறந்து 1989 வரைக்கும் இருந்தாரு, நூறு வயச தாண்டி. அவர்கிட்ட படிச்ச ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, அவரு பையன் தேசிகாச்சார் நாலு பேரும் நாலு விதமா சொல்லிக்குடுத்தாங்க. ஒரே ஊத்துல இருந்து இப்படி வெவ்வேற ஆறு கெளம்பியிருக்குன்னா, ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்தறது தப்பில்லன்னு தானே அர்த்தம். இந்திரா தேவிய முதல்ல சேத்துக்கவே மாட்டேன்னுட்டாரு, வெளிநாட்டவர், அதுவும் பெண்ணுன்னு. அந்தம்மா விடல. 1947ல ஹாலிவுட்ல ஸ்டுடியோ தொறந்து, 102 வயசு வரைக்கும் வாழ்ந்துட்டு போனாங்க. முட்டி வலிக்குது இனிமே என்னால முடியாதுன்னு தோணற அன்னைக்கு நான் அவங்கள தான் நெனச்சுக்குவேன்.

இப்போ வீட்டு விஷயத்துக்கு வருவோம். பத்துக்கு பன்னெண்டு அடி ரூம் இருந்தா போதும், ஆனா ஆறு மேட் விரிக்க முடியுதுன்னு ஆறு பேர சேத்துடாதீங்க. மேட் கிட்டத்தட்ட ஆறடி நீளம், ரெண்டடி அகலம் தான், ஆனா ஆள் கைய விரிச்சா அவங்க ஒயரம் எவ்ளோவோ கிட்டத்தட்ட அவ்ளோ அகலம் வேணும். நாலு பேர், நேர் வரிசையா இல்லாம முன்ன பின்ன தள்ளி, நாம நடக்க ஒரு வழி. ஃபேன நிமிந்து பாருங்க, சிரிக்காதீங்க, ஒசரமான ஆள் ஒருத்தர் கைய தூக்கினா எங்க வரைக்கும் போகும்னு ஃபேன நிறுத்திட்டு ஒரு தடவ பாத்துடுங்க. ஒரு சுவர் மட்டும் காலியா இருக்கணும், படம், ஷெல்ஃப் எதுவும் இல்லாம, கால தூக்கி வைக்கறதுக்கும் முதுக சாய்க்கறதுக்கும். கண்ணாடி வேணாம்ங்கறது என் கருத்து, கண்ணாடி இருந்தா ஆள் தன்ன பாத்துக்கறதுலயே கழுத்த திருப்பிட்டு இருப்பாங்க. மத்தபடி நாலு உறுதியான நாற்காலி, மடிச்ச போர்வை, பெல்ட்டு, கட்டை. ரப்பர் மேட்ட வெயில்ல காயப்போடாதீங்க, உதிந்துடும்.

பொருள விட வீட்டு ஆளுங்க முக்கியம். சவாசனத்துல எல்லாரும் கண்ண மூடி படுத்திருக்கும்போது உள்ள டிவி சத்தம், போன்ல யாரோ சண்டை, காலிங் பெல், இதெல்லாம் உங்க மனசுல தான் முதல்ல இடிக்கும். வீட்டுல இருக்கறவங்க கிட்ட முன்னாடியே ஒக்காந்து பேசுங்க, எந்த நேரம், எந்த கதவு, எந்த பாத்ரூம். கிளாஸ் முடிஞ்சதும் அரை மணி நேரம் கதை பேசிட்டு நிக்கறவங்க கண்டிப்பா இருப்பாங்க, பாவம் அவங்களுக்கு அந்த பேச்சு தேவைப்படுது, ஆனா வீடு உங்க வீட்டுக்காரங்களுக்கும் சொந்தம். நான் வாசல் கதவ தொறந்து வச்சுடுவேன், புரிஞ்சுக்குவாங்க.

பீஸ் விஷயத்துல கூச்சப்படாதீங்க. பழகுனவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க தான் முதல்ல வருவாங்க, கேக்கவே நாக்கு வராது. மாசம் பொறக்கும்போதே முன்கூட்டி வாங்கிடுங்க, சேர்ற அன்னைக்கே சொல்லிடுங்க. கிளாஸ் கணக்குல வாங்கினா மழை வந்தா ஆள் வராது, காய்ச்சல் வந்தா வராது, நீங்க ரூம தொடச்சு வச்சுட்டு தனியா உக்காந்திருப்பீங்க.

சேரும்போது ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க. பிபி, கண்ணுல அழுத்தம் அதாவது கிளாக்கோமா, டிஸ்க் பிரச்சனை, கர்ப்பம், சமீபத்துல ஆபரேஷன். கிளாக்கோமா இருக்கவங்கள தலைகீழ் ஆசனத்துல விடக்கூடாது, கையும் காலும் தரையில ஊனி இடுப்ப மேல தூக்குற அதோமுக ஸ்வானாசனத்துல கூட கண் அழுத்தம் ஏறும். பிபி அதிகமா இருக்கவங்களுக்கு மூச்ச ரொம்ப நேரம் அடக்கற பிராணாயாமம் வேணாம். டாக்டர் சொல்ற மாத்திரைய நிறுத்துங்கன்னு மட்டும் எந்த டீச்சரும் சொல்லக்கூடாது, அத நான் கறாரா சொல்றேன். ஆசனத்த சரி பண்ண ஆள தொடறதுக்கு முன்னாடி கேளுங்க, ஒவ்வொரு தடவயும். போன வாரம் சரின்னாங்கன்னா இந்த வாரமும் சரின்னு இல்ல.

சர்டிபிகேட் பத்தி கேக்கறவங்களுக்கு, 200 மணி நேர யோகா டீச்சர் கோர்ஸ் நல்லது, பண்ணுங்க, ஆனா அது வாசல் வரைக்கும் தான் கூட்டிட்டு வரும். யோகாவுக்கு மூல நூலான பதஞ்சலி யோக சூத்திரத்துல எல்லாம் சேத்து 200க்கு கொஞ்சம் கம்மி சூத்திரம், அதுல ஆசனத்துக்குன்னு மூணே மூணு தான், உறுதியாவும் சுகமாவும் இருக்கணும், முயற்சிய தளத்தணும்னு. நாம என்னடான்னா இருநூறு ஆசனம் பேரோட மனப்பாடம் பண்ணிட்டு, எதுல சுகமா இருந்தோம்னு கேட்டா முழிக்கறோம்.

அப்புறம் உங்க சொந்த பயிற்சிய கிளாஸ்ல கலக்காதீங்க. சொல்லிக்குடுக்கறது வேலை, பயிற்சி வேற. எனக்கு விடியக்காலைல, முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடி, போன் வேற ரூம்ல இருக்கும். இப்போ அதுல ஆசனம் கொஞ்சம், நாற்காலி வச்சு, சுவத்துல கால் வச்சு, மிச்ச நேரம் பூரா மூச்சு தான். எப்பவும் காட்டாத அந்த ரெண்டாவது பக்கத்த தான் இப்போ முதல்ல செய்யறேன், இடுப்பு மெல்ல மெல்ல சமமாகிட்டு வருது.

ஆன்லைன்ல எடுக்கறவங்களுக்கு ஒன்னு மட்டும், அவங்க கேமராவ பக்கவாட்டுல வைக்க சொல்லுங்க, நேர் எதிர்ல வச்சா முதுகு வளையறது உங்களுக்கு தெரியாது. நாற்காலிய வச்சு செய்யறத கேட்டிருந்தீங்க, அடுத்த வீடியோல முழுசா காட்றேன், சக்கரம் இல்லாத, கை வைக்கற கட்டை இல்லாத நாற்காலியா ஒன்னு எடுத்து வச்சுக்குங்க. சரி, வெளிய செருப்பு கழட்ற சத்தம் கேக்குது, ஆளுங்க வந்துட்டாங்க, வரட்டுமா.