பஞ்சை எரிப்பது நெருப்பா?

நேயர்களுக்கு வணக்கம்.

கி.பி. 632ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி அரேபியாவில் ஒரு சூரிய கிரகணம். அந்தச் சமயத்தில் மதீனாவில் ஒரு துக்கம் நடந்திருந்தது. நபிகள் நாயகத்தின் பால்குடி மாறாத மகன் இப்ராஹீம் இறந்துபோயிருந்தார். பகல் இருண்டதும், இந்தக் குழந்தையின் சாவுக்காகத்தான் சூரியனே மறைந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். நபிகள் நாயகம் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள்; யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர் சொன்னதாக அவருடைய சொல்லையும் செயலையும் திரட்டிய ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியிருக்கிறது.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தந்தை, ஊரே கொண்டுவந்து கையில் கொடுக்கும் அற்புதத்தை வேண்டாம் என்கிறார். எனக்கு இது மிகப் பெரிய செயலாகப் படுகிறது. மதம் என்றால் அற்புதத்தை நம்பும், அறிவியல் என்றால் மறுக்கும் என்று இரண்டு கட்சிகளாகப் பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. அற்புதத்தைப் பற்றி ஆழ்ந்து யோசித்தவர்கள் முதலில் இயற்கையின் ஒழுங்கைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்கள். ஒழுங்கு என்று ஒன்று இருந்தால்தானே, அதிலிருந்து விலகியது என்று இன்னொன்றைச் சொல்ல முடியும்?

அப்படி யோசித்தவர்களில் என்னை அதிகம் பாதித்தவர் இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி. பாரசீகத்தின் தூஸ் நகரில் 1058இல் பிறந்தவர். பாக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்தவர். அரிஸ்டாட்டிலின் வழி வந்த தத்துவவாதிகளை மறுத்து, 1095இல் ஒரு நூலை எழுதி முடித்தார். மொத்தம் 20 விவாதங்கள். அந்த நூலின் முன்னுரையிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கிரகணம் எப்படி உண்டாகிறது என்பதைக் கணிதம் நிரூபித்துவிட்டது; மார்க்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை மறுப்பவர் மார்க்கத்துக்குத்தான் கேடு செய்கிறார் என்கிறார். மதீனாவில் நடந்ததைச் சுட்டியும் பேசுகிறார். இதை எழுதிய மனிதர்தான், அதே நூலின் 17ஆவது விவாதத்தில் அற்புதம் நடக்க முடியும் என்று வாதாடுகிறார்.

அந்த வாதம் ஒரு பஞ்சுத் துண்டில் தொடங்குகிறது. பஞ்சை நெருப்பின் அருகே கொண்டுபோகிறோம். எரிகிறது. நெருப்பு எரித்தது என்கிறோம். கஸ்ஸாலி கேட்கிறார்: நீங்கள் கண்ணால் கண்டது என்ன? நெருப்பு பட்டபோது பஞ்சு எரிந்ததைக் கண்டீர்கள். நெருப்பால் எரிந்தது என்பதைக் கண்டீர்களா? ஒன்றை அடுத்து இன்னொன்று வருவது தெரிகிறது. ஒன்று இன்னொன்றை உண்டாக்குவது தெரிவதில்லை. எரிப்பவன் இறைவன்; பஞ்சும் நெருப்பும் சேரும்போதெல்லாம் எரிய வைப்பது அவன் வகுத்துக்கொண்ட வழக்கம். வழக்கமாகச் செய்வதை ஒருமுறை செய்யாமல் விட்டால் அதில் எந்த முரண்பாடும் இல்லை.

சரி, அப்படியானால் எதை நம்பி வாழ்வது? இந்தக் கேள்வியை எதிராளிக்கு விட்டுவைக்காமல் கஸ்ஸாலி தானே எழுப்புகிறார். வீட்டில் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு வந்தேன். இந்நேரம் அது குதிரையாக மாறி என் நூலகத்தை அசிங்கப்படுத்திக்கொண்டிருக்கலாமே? எதிர்த்தரப்பின் வலுவான அடியை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைக்கப் பெரிய மனம் வேண்டும். இவையெல்லாம் நடக்கக்கூடியவை, ஆனால் நடப்பதில்லை. நடப்பதில்லை என்ற அறிவையும் இறைவனே நமக்குள் வைத்திருக்கிறான் என்பது அவர் பதில்.

பழங்கால இறைத்தூதரான இப்ராஹீம் நபியை நெருப்பில் எறிந்தும் அவர் எரியாத வரலாற்றுக்கு வரும்போது, கஸ்ஸாலி இன்னொரு வழியையும் காட்டுகிறார். நெருப்பின் இயல்பையோ அவர் உடலின் இயல்பையோ இறைவன் மாற்றியிருக்கலாம். டால்க் என்ற மென்மையான கல்லின் பொடியை உடம்பில் பூசிக்கொண்டு எரியும் உலைக்குள் உட்காருபவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அதைப் பார்க்காதவர்தான் நம்ப மறுப்பார் என்கிறார். நமக்குத் தெரிந்த இயற்கை ஒன்று, இருக்கும் இயற்கை இன்னொன்று. அவருக்குச் சுமார் எழுநூறு ஆண்டுகள் முன்பே கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகஸ்டின் இதற்கு நெருக்கமாக ஒன்றைச் சொல்லியிருந்தார்: அதிசயம் இயற்கைக்கு எதிரானதல்ல, இயற்கையைப் பற்றி நாம் அறிந்ததற்குத்தான் எதிரானது.

கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதியவர் ஸ்பெயினின் கார்டோபாவில் நீதிபதியாக இருந்த இப்னு ருஷ்து. அவர் மருத்துவரும்கூட. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய இயல்பும் செயலும் இருக்கின்றன. அதை மறுத்தால் அந்தப் பொருளே இல்லாமல் போகும், காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்றார் அவர். இதைச் சொன்னவர் மருத்துவர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்த மருந்துக்கு இந்தக் குணம் என்ற உறுதி இல்லாமல் நோயாளியின் நாடியைப் பிடிக்க முடியாது.

கஸ்ஸாலிக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஸ்காட்லாந்தில் தத்துவவாதி டேவிட் ஹியூம் வருகிறார். ஒரு பில்லியர்ட்ஸ் பந்து இன்னொன்றில் மோதுகிறது, அது நகர்கிறது. இரண்டுக்கும் இடையே கட்டாயத் தொடர்பு எதையும் நாம் காண்பதில்லை. திரும்பத் திரும்பப் பார்த்ததால் மனத்தில் படிந்த பழக்கம்தான் அது என்கிறார். கஸ்ஸாலியின் பஞ்சும் ஹியூமின் பந்தும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கஸ்ஸாலி வழக்கத்தை இறைவனிடம் வைத்தார், ஹியூம் மனித மனத்தில் வைத்தார். அந்த ஒரு மாற்றத்தில் முடிவு தலைகீழாகிவிடுகிறது. 1748இல் ஹியூம் எழுதியது இது: இயற்கை விதிக்குப் பின்னால் மனிதகுலத்தின் மொத்த அனுபவமும் நிற்கிறது, அற்புதத்துக்குப் பின்னால் சிலருடைய சாட்சியம் மட்டுமே நிற்கிறது. அந்தச் சாட்சியம் பொய்யாக இருப்பது அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் ஒழிய, நம்ப இடமில்லை.

பலமான வாதம். ஆனால் அதே கட்டுரையில் ஹியூம் ஓர் இந்திய இளவரசரைக் கொண்டுவருகிறார். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து கல்லாகிறது என்று யாரோ சொல்ல, அந்த இளவரசர் நம்ப மறுக்கிறார். அவர் சரியாகத்தான் சிந்தித்தார் என்கிறார் ஹியூம். அந்த வெப்பநாட்டில் கிடைத்த அனுபவத்துக்கு உறைபனி எதிரானது இல்லை, அதற்கு அப்பாற்பட்டது என்று ஒரு வேறுபாட்டையும் வகுக்கிறார். எனக்கு அந்த வேறுபாடு போதவில்லை. இளவரசர் சரியாகச் சிந்தித்தார், தவறான முடிவுக்கு வந்தார். ரஷ்யக் குளிர்காலத்தைப் பார்த்தவர் சொன்னது உண்மை. மனிதகுலத்தின் மொத்த அனுபவம் என்று ஹியூம் எடுத்து வைப்பதில் எவ்வளவு நம்முடைய அனுபவம், எவ்வளவு நாம் இன்னும் கேட்டறியாதவர்களுடையது?

ஹியூமுக்கு வந்த மறுப்புகளில் சார்லஸ் பாபேஜ் தந்தது விசேஷமானது. கணினியின் முன்னோடி என்று நாம் அறியும் அதே பாபேஜ். அவருடைய கணக்கிடும் இயந்திரம் ஒரே விதிப்படி எண்களைக் காட்டிக்கொண்டே போகும். பார்ப்பவர் விதியைப் புரிந்துகொண்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, திடீரென்று வேறு விதிப்படி ஓர் எண் வரும். பார்ப்பவருக்கு அது விதிமீறல். இயந்திரத்தை அமைத்தவருக்கோ, அந்த மாற்றமும் முதலிலேயே வைத்த ஏற்பாடு. அற்புதங்களையும் அப்படி, இன்னும் பரந்த ஒரு விதியின் பகுதியாகப் பார்க்கலாம் என்று 1837இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

நம் காலத்துக்கு வருவோம். 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாள். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தில்லியில் கிளம்பிய செய்தி ஒரே நாளில் நாடெங்கும், லண்டன்வரையிலும் பரவியது. அறிவியலாளர்கள் பாலில் வண்ணம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பரப்பு இழுவிசையால், அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால், பால் கரண்டியிலிருந்து இழுபட்டு, சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்தது தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கரண்டியில் பால் குறைந்ததை அவர்கள் கண்டது உண்மை. பிள்ளையார் குடித்ததைக் கண்டார்களா? கஸ்ஸாலியின் கேள்வி அங்கே அப்படியே பொருந்துகிறது.

அதே கேள்வியை அறிவியலின் விடையிடமும் கேட்கலாம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பது ஏன் ஒருநாளும் தவறுவதில்லை? இயற்பியல் அதற்கு அடியில் இருக்கும் இன்னொரு விதியைக் காட்டும். அதற்கும் அடியில் ஒன்று இருக்கும். எங்கோ ஓரிடத்தில் அது அப்படித்தான் என்று நிற்க வேண்டிவரும். அந்த இடத்தில் நான் இப்னு ருஷ்தின் பக்கம் சாய்கிறேன்; பொருளுக்கு இயல்பு உண்டு என்று நம்பாமல் என்னால் ஒரு மாத்திரைகூட விழுங்க முடியாது. ஆனால் கஸ்ஸாலியின் கேள்வியை அவர் தீர்த்துவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நன்றி, வணக்கம்.