இரண்டு அனுமதிகள்

(மனநோயாளிகளின் குடும்பத்தினருக்காக மதுரை தல்லாகுளத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும், வீட்டில் ஒருவரைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்திருக்கும் குடும்பத்தாரே, வணக்கம்.

'அனுமதி' என்ற ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு காரியங்களுக்கு வழங்குகிறோம். மருத்துவர் நோயாளியைப் படுக்கையில் அனுமதிக்கிறார். காப்பீட்டு நிறுவனம் அதற்கான செலவை அனுமதிக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பெரும்பாலும் தெரிவதில்லை. மனநோய் முற்றியவருக்கோ அந்த இடைவெளியில் குடும்பமே விழுந்துவிடுகிறது.

என் தம்பி நான்கு இரவுகள் உறங்கவில்லை. சோற்றில் நஞ்சு கலந்திருப்பதாக நம்பி, தண்ணீரைக்கூடத் தொட மறுத்தான். மருத்துவர்கள் அன்றே சேர்த்தார்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து முதலில் வந்தது ஒரு கேள்விக் கடிதம்: ஸ்கேன் முடிவு எங்கே, புறநோயாளியாகவே பார்த்திருக்க முடியாதா? மறுநாள் மறுப்பு வந்தது. அவன் 'கவனிப்புக்காக மட்டும்' சேர்க்கப்பட்டானாம். அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும் என்கிறது. மனநோயை மொத்தமாக விலக்கிவைக்கக் கூடாதென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் விதி வகுத்தது. ஆனால் அதே விதிகளிலேயே இரண்டு விலக்குகள் எஞ்சியிருக்கின்றன: பரிசோதனைக்காக மட்டும் சேர்வது ஒன்று, ஓய்வும் மறுவாழ்வுப் பராமரிப்பும் மற்றொன்று. உடல்நோயை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்தச் சொற்களை மனநோய்ப் பிரிவுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நோயாளியின் உறக்கத்தையும் பேச்சையும் இரவு பகலாகக் கவனிப்பதும், மருந்தின் அளவை நாளுக்கு நாள் மாற்றுவதும், அவர் தன்னை மாய்த்துக்கொள்ளாமல் காப்பதும்தான் அங்கே சிகிச்சை. அதைக் 'கவனிப்பு' என்று பெயரிட்டு மறுப்பது, முன்வாசலில் ஒழித்த விலக்கைக் கொல்லைப்புறமாக அழைத்துவருவதாகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தானாக முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவரைச் சேர்க்க, அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது. மனநல மருத்துவர் ஒருவரும், மனநல வல்லுநரோ மருத்துவரோ ஆன மற்றொருவரும் தனித்தனியே பரிசோதித்து, அவரால் அவருக்கோ பிறருக்கோ தீங்கு நேரும், அல்லது தன்னைப் பேணிக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று முடிவுசெய்ய வேண்டும். முதல் சேர்க்கை 30 நாளைத் தாண்டக் கூடாது. என் தம்பி இந்தப் பிரிவின் கீழ்தான் சேர்க்கப்பட்டான். இரண்டு பேர் நேரில் பார்த்து உறுதிசெய்த தேவையை, அவன் முகத்தைக்கூடப் பாராத ஒருவர் மேசையிலிருந்து மறுக்கலாமா? 89ஆம் பிரிவின்கீழ் நடக்கும் சேர்க்கையையே மருத்துவத் தேவைக்குச் சான்றாக ஏற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். மருத்துவமனைப் படுக்கை கைக்கெட்டாத குடும்பங்கள் வேறெங்கே போகும்?

மறுப்பு வந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுத்தார்கள் என்பது அதில் இருந்தாக வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை.

நாங்கள் இரண்டு மருத்துவர்களின் குறிப்புகளையும், செவிலியர்கள் இரவில் எழுதிய பதிவுகளையும் இணைத்து மீண்டும் எழுதினோம். ஐந்தாம் மாதம் பணம் வந்தது. அம்மா வளையல்களை மீட்டுக்கொண்டார். அந்த ஐந்து மாத வட்டி மட்டும் எங்களுடையதாகவே போயிற்று.