அகப்பையில் இருந்தது சட்டிக்குப் போன கதை

வணக்கம் நேயர்களே. சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுல ஒரு தடவை அகப்பையில இருந்தது சட்டிக்குப் போச்சு. நான் கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்த புதுசு. பால் கொழுக்கட்டை செஞ்சேன். தேங்காய்ப்பால், ஏலக்காய் எல்லாம் பக்குவமாத்தான் இருந்துச்சு. மாமனார் ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "ஏன் ஆத்தா, இதுல கருவாடு எதுவும் போட்டியா?"ன்னு மெதுவாக் கேட்டாரு. முதல்நாள் சூடைக்கருவாட்டுக் குழம்பைக் கிளறின மர அகப்பை அது. மூணு தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சுதான் வெச்சிருந்தேன்.

மரம், மண்சட்டி, அம்மி எல்லாத்துலயும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. கொதிக்கிற குழம்பு எண்ணெயோட அதுக்குள்ள இறங்கிடும். நாம கழுவுறது மேலாகத்தான். திரும்பச் சூடு பட்டதும் உள்ள இருக்கிறது இளகி வெளியே வரும். அதனால காய்ஞ்ச அகப்பையை மோந்து பார்த்து ஏமாறாதீங்க. அது மேல கொதிக்கிற தண்ணியை ஊத்தி, ஆவி வரும்போது மோந்து பாருங்க. அதோட வண்டவாளம் அப்பத் தெரியும்.

மீன் வாடைக்குப் புளிப்புதான் மருந்து. அந்த வாடைக்குப் பெரிய காரணம் டிரைமெத்திலமீன்ங்கிற ஒரு காரப்பொருள். மிளகாய்க் காரம் இல்ல, புளிப்புக்கு எதிரான காரம். புளிப்பு பட்டா அது உப்பா மாறிடும். காத்துல பறந்து மூக்குக்கு வராது. மீன் அலசின கையில புளியைத் தேய்க்கச் சொல்றது சும்மா இல்ல. பலகையா இருந்தா ஒரு கைப்பிடி கல்லுப்பைத் தூவி, அரை எலுமிச்சம்பழத்தைக் கவுத்து, மரத்தோட ரேகை ஓடுற பக்கமாவே தேய்ங்க. 10 நிமிஷம் விட்டு அலசி, நிழல்ல காத்துப்பட நிமிர்த்தி வைங்க. ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டா மரம் உப்பி வெடிச்சிடும். உச்சி வெயிலும் அதுக்கு ஆகாது. இன்னொண்ணு, எலுமிச்சைச் சாறு தரையில சொட்டாமப் பாத்துக்குங்க. பளிங்குத் தரையும் சரி, ஆத்தங்குடிக் கல்லும் சரி, புளிப்பு பட்ட இடம் மங்கிடும். எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல அப்படி ஒரு வட்டம் இருக்கு. அதுவும் என் கைங்கரியம்தான்.

பூண்டு வாடை வேற ரகம். அது கந்தகச் சமாச்சாரம். நசுக்கும்போதுதான் அந்த நெடியே பிறக்குது. நசுக்கின கையோட பலகையைக் கழுவிட்டா பாதி வேலை முடிஞ்சது. அம்மிக்கு ஒரு பிடி பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு அரைச்சு வழிச்சு எறிஞ்சா போதும். குழியில கிடக்கிற மசாலாவை மாவு வாரிட்டு வந்திடும். மஞ்சள் கறைக்குத் தேய்ச்சுக் கை நோகவேண்டாம், வெயில் பட்டாலே வெளுக்கும்.

மண்சட்டிக்கு மட்டும் சோப்பே கூடாது. துளைக்குள்ள போன சோப்பு அடுத்த குழம்புல வந்து நிக்கும். அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்தி, சிறு தீயில கொதிக்கவிட்டு, ஆறினதும் கொட்டி, தேங்காய் நாரால தேய்ச்சு வெயில்ல கவுத்துங்க. பிடிவாதமான வாடைன்னா ரெண்டு மூணு நாள் இப்படியே செய்யணும். அப்பவும் போகலைன்னா விட்டுடுங்க, அது இனிமே மீன்சட்டி. என்னைக் கேட்டா, மீன்சட்டியோட வாடையைப் போக்கவே கூடாது. புதுச்சட்டியில வெச்ச மீன்குழம்பும் பழகின சட்டியில வெச்ச மீன்குழம்பும் ஒண்ணாகுமா?

அந்த அகப்பையை நான் தூக்கிப் போடல. காம்புல சிவப்பு நூல் கட்டி, கருவாட்டுக் குழம்புக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கேன். நூல்தான் நாலஞ்சு தடவை மாத்தியாச்சு.