வங்கியைச் சுருக்கியவர் கையில் நாட்டைவிடப் பெரிய வங்கி

எல்லோருக்கும் வணக்கம். செர்ஜியோ எர்மோட்டி என்ற சுவிஸ் வங்கியாளரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். யுபிஎஸ் வங்கி தள்ளாடி நின்றபோது ஒரு முறை, அப்புறம் இன்னொரு வங்கியைத் தூக்கிச் சுமக்க வேண்டி வந்தபோது மறுமுறை என்று அதன் தலைமைப் பொறுப்பை இரண்டு தடவை ஏற்றவர். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் வங்கியைச் சிறிதாக்கியதுதான் என்பது என் எண்ணம். ஆனால் இன்றைக்கு அவர் கையில் இருப்பதோ சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய வங்கி.

பிறந்தது 1960 மே மாதம், லுகானோவில். இத்தாலிய மொழி பேசும் டிசினோ மாநிலத்து ஏரிக்கரை நகரம் அது. 15 வயதில் பள்ளியை முடித்துக்கொண்டு, உள்ளூர் கோர்னர் வங்கியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். நம் காதுக்கு இது 'படிப்பை நிறுத்திவிட்டான்' என்று கேட்கும், ஆனால் அங்கே அப்படி இல்லை. சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இந்த வழியில்தான் போகிறார்கள், வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலை, மிச்ச நாளில் தொழிற்கல்விப் பள்ளி, கையில் சின்னதாக ஒரு சம்பளம். பிற்பாடு வங்கியியல் நிபுணர் தேர்வு எழுதினார், ஆக்ஸ்ஃபோர்டில் நிர்வாகிகளுக்கான குறுகிய பயிற்சி ஒன்றும் முடித்தார். அவரிடம் இருக்கிற கல்விச் சான்றிதழ்கள் இவ்வளவுதான்.

உடனே 'கீழிருந்து வந்தவர், அதனால்தான் நல்ல வங்கியாளர்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாசல் நகரத்து மார்செல் ஓஸ்பெலும் இதே மாதிரி பயிற்சியாளராகத் தொடங்கி யுபிஎஸ்ஸின் உச்சிக்குப் போனவர்தான். அவர் தலைமையில்தான் அந்த வங்கி அமெரிக்க வீட்டுக் கடன் பத்திரங்களில் மூழ்கியது. கடைசியில் 2008 அக்டோபரில் சுவிஸ் அரசு 600 கோடி பிராங்கைப் போட்டு வங்கியைக் காப்பாற்ற வேண்டி வந்தது. ஆகவே எங்கே தொடங்கினார் என்பதைவிட, முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் என்ன முடிவெடுத்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிட்டி வங்கியில் கொஞ்ச காலம், 1987 முதல் மெரில் லிஞ்சில் நீண்ட காலம். அங்கே உலகளாவிய பங்குச் சந்தைப் பிரிவின் இணைத் தலைவர் வரை போனார். பிறகு இத்தாலியின் யூனிகிரெடிட், அங்கே துணைத் தலைமைப் பதவி. 2010இல் முதலிடம் வேறொருவருக்குப் போனது, இவர் விலகினார். 2011 ஏப்ரலில் யுபிஎஸ்ஸில் சேர்ந்தார்.

சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் செப்டம்பரில் லண்டன் கிளையில் க்வேக்கு அடோபோலி என்ற 31 வயது டிரேடர் அனுமதியில்லாத வர்த்தகத்தில் ஏறத்தாழ 230 கோடி டாலரைத் தொலைத்தது வெளியே வந்தது. தலைமைச் செயல் அதிகாரி ஓஸ்வால்ட் குரூபெல் ராஜினாமா செய்தார். எர்மோட்டி முதலில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டார், நவம்பரில் நிரந்தரமானார்.

வங்கிக்குள் அப்போது இரண்டு தொழில் நடந்துகொண்டிருந்தன. ஒன்று பணக்காரர்களின் சொத்தைப் பார்த்துக்கொள்வது. பணம் வாடிக்கையாளருடையது, வங்கிக்குக் கட்டணம் வரும், சொந்த மூலதனம் அதிகம் தேவைப்படாது. இன்னொன்று கடன் பத்திர வர்த்தகம். அதில் வங்கி தன் கணக்கிலேயே பெருந்தொகைக்குப் பத்திரங்களை வாங்கி வைத்திருக்க வேண்டும், சந்தை சரிந்தால் நட்டம் முழுக்க வங்கியின் தலையில். 2008க்குப் பிறகு வந்த புது விதிகள் இந்த இரண்டாவது தொழிலுக்கு, நட்டம் வந்தால் தாங்குவதற்காக, ஏராளமான சொந்த மூலதனத்தை ஒதுக்கச் சொல்லின. மற்ற பெரிய வங்கிகள் 'சந்தை திரும்பும், பொறுத்திருப்போம்' என்றன. எர்மோட்டி பொறுத்திருக்கவில்லை. 2012 அக்டோபர் 30 அன்று கடன் பத்திர வர்த்தகத்தின் பெரும்பகுதியை மூடுவதாகவும், 10,000 வேலைகளைக் குறைப்பதாகவும் அறிவித்தார்.

அன்று காலை லண்டனில் வழக்கம்போல் வேலைக்கு வந்த சிலர் வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்தார்கள், கதவு திறக்கவில்லை. அப்படித்தான் வேலை போனது அவர்களுக்குத் தெரிந்தது. முடிவு சரியானது என்றே நானும் சொல்கிறேன், ஆனால் அதை நிறைவேற்றிய விதம் கொடுமை. வருடக்கணக்கில் உழைத்தவரிடம் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம்.

அந்த முடிவின் அருமை தெரிய பத்து வருடம் ஆனது. சூரிச்சின் பரேடெபிளாட்ஸ் சதுக்கத்துக்குப் போனால், நடுவில் டிராம்கள் வந்து போய்க்கொண்டிருக்கும், ஒரு பக்கம் கிரெடிட் சுவிஸின் பழைய தலைமையகம், சில அடி தள்ளி யுபிஎஸ். ஒரே ஊர், ஒரே சட்டம், ஒரே கட்டுப்பாட்டு அமைப்பு. ரயில் பாதை போடப் பணம் திரட்டுவதற்காக அல்ஃபிரட் எஷர் 1856இல் தொடங்கிய வங்கி கிரெடிட் சுவிஸ். அது யுபிஎஸ் அளவுக்குத் தன் முதலீட்டு வங்கிப் பிரிவை, அதாவது பத்திர வர்த்தகம் போன்ற ஆபத்தான தொழில் நடக்கும் பிரிவை, குறைக்கவில்லை. 2021இல் ஆர்கெகோஸ் என்ற ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் 500 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. அதே வருடம் கிரீன்சில் என்ற நிதி நிறுவனம் திவாலான விவகாரத்தில் பெயரும் கெட்டது. 2022 கடைசிக் காலாண்டில் மட்டும் வாடிக்கையாளர்கள் 11,000 கோடி பிராங்கை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வங்கியிடம் எவ்வளவு சொத்து இருந்தாலும் சரி, பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது.

2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை மாலை. தலைநகர் பெர்னில் அமைச்சர்களும், மத்திய வங்கித் தலைவரும், இரண்டு வங்கிகளின் தலைவர்களும் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தார்கள். 167 வருட வங்கியை யுபிஎஸ் 300 கோடி பிராங்குக்கு எடுத்துக்கொள்கிறது என்றார்கள். கூடவே கிரெடிட் சுவிஸ் வெளியிட்டிருந்த சுமார் 1,600 கோடி பிராங்க் மதிப்புள்ள சிறப்புக் கடன் பத்திரங்கள் ஒரே நாளில் பூஜ்யமாயின. பத்து நாள் கழித்து, 2020இல் பதவியை விட்டுப் போயிருந்த எர்மோட்டியைத் திரும்ப அழைப்பதாக யுபிஎஸ் அறிவித்தது. அப்போது அவர் சுவிஸ் ரீ காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர். ஏப்ரல் 5 அன்று பழைய நாற்காலிக்கு வந்தார்.

வேலையைத் திறமையாகவே செய்கிறார். 2024இல் இரண்டு வங்கிகளின் சட்ட அமைப்பும் ஒன்றாயின, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவிஸ் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பகுதி பகுதியாகப் புது கணினி அமைப்புக்கு மாற்றும் வேலையும் தொடங்கியது. உள்நாட்டில் மட்டும் சுமார் 3,000 பேருக்கு வேலை போகும் என்று 2023இலேயே வெளிப்படையாகச் சொன்னார். அதே 2023இல், ஒன்பது மாத வேலைக்கு அவர் வாங்கியது 1 கோடியே 44 லட்சம் பிராங்க். அங்கே மக்கள் கோபப்பட்டார்கள். எனக்கும் அந்தக் கோபம் புரிகிறது. இந்த இணைப்புக்கு அரசு உத்தரவாதமும் மத்திய வங்கி கடன் வசதியும் தந்திருந்தன, அதாவது ஆபத்தில் ஒரு பங்கை வரி கட்டுகிறவரும் சுமந்தார்.

இப்போது நடக்கும் சண்டை இதைவிடப் பெரியது. இணைந்த யுபிஎஸ்ஸின் சொத்துக் கணக்கு சுமார் 1.6 லட்சம் கோடி டாலர், நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது விழுந்தால் வாங்கிக்கொள்ள சுவிட்சர்லாந்தில் இன்னொரு பெரிய வங்கி கிடையாது. அதனால்தான் 2025 ஜூனில் சுவிஸ் அரசு, வெளிநாட்டுத் துணை நிறுவனங்களுக்குத் தாய் வங்கி முழு மூலதனமும் வைத்திருக்க வேண்டும் என்று முன்மொழிந்தது. அப்படிச் செய்தால் யுபிஎஸ் இன்னும் 2,600 கோடி டாலர் வரை திரட்ட வேண்டிவரும். எர்மோட்டி எதிர்க்கிறார், உலகில் வேறெந்த வங்கிக்கும் இல்லாத சுமை இது, போட்டியில் பின்தங்குவோம் என்கிறார்.

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் அரசின் பக்கம். 2012இல் அந்தக் கடினமான முடிவை எடுக்க அவரைத் தள்ளியதில் மூலதன விதிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறார் என்பது யாருக்கும் தெரியாது, அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் பெர்னில் இப்போது சட்டம் எழுதுகிறார்கள்.